"சொந்தக் காரணம்" என்று கையொப்பமிடுமுன்

(அட்டனில் தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டத்தில், வழக்கறிஞரும் அமைப்பாளருமான அன்பர் ஒருவர் நிகழ்த்திய உரையின் முழு வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர்கள் சம்பள உயர்வைப் பற்றிப் பேசினார்கள். காணி உரிமையைப் பற்றிப் பேசினார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைச் சிறப்புடையதன்று. கைதட்டி மகிழ்வதற்கு இதிலே ஒன்றுமில்லை. சட்டப் புத்தகத்தின் மூலையில் கிடக்கின்ற சிறிய விஷயம். ஆயினும், சட்ட ஆலோசனை நாடி என்னிடம் வருகின்றவர்களிலே பலர் கேட்கின்ற கேள்வி இதுதான்: "ஐயா, நானாகத்தான் வேலையை விட்டேன். எனக்கு ஏதாவது கிடைக்குமா?"

கேட்பவர் குரலிலே ஒரு கூச்சம் இருக்கிறது. தானாக விட்டுவிட்டு வந்தவன் கேட்பதற்கு உரிமையற்றவன் என்ற எண்ணம் நம் மக்களின் நெஞ்சிலே ஆழப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணத்தை யார் விதைத்தார்கள் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் கேள்விக்கு நேரான விடையைச் சொல்லிவிடுகிறேன்.

வேலையற்றிருக்கும் காலத்துக்கென்று மாதந்தோறும் உதவிப் பணம் தரும் சட்டம் இலங்கையில் இல்லை. தானாக விட்டவனுக்கும் இல்லை, துரத்தப்பட்டவனுக்கும் இல்லை. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய அஸ்வெசும உதவி வறுமையை அளந்து கொடுக்கப்படுவது. வேலை இழந்ததற்காகக் கொடுக்கப்படுவதன்று. வேலையிழப்புக் காப்புறுதி வேண்டுமென்ற பேச்சு மாநாடுகளிலும் அறிக்கைகளிலும் பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. சட்டமாக வடிவெடுக்கவில்லை. ஆகவே, டொரன்டோவிலிருந்து உறவினர் தொலைபேசியில் "வேலை போனால் இங்கே அரசாங்கம் காசு கொடுக்கிறது" என்று சொல்வதைக் கேட்டு இங்கும் அப்படியொன்று இருக்குமென்று எண்ணி வருகின்ற இளைஞர்களை நான் வெறுங்கையோடுதான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஆனால் வெறுங்கை என்று சொன்னது அந்த ஒன்றைப் பொறுத்த மட்டிலே. வேறு சில பணங்கள் உண்டு. அவை தானமல்ல, நம்முடைய சொத்து. அவற்றை இழக்கின்ற வழியும் உண்டு. அந்த வழிக்குப் பெயர் "சொந்தக் காரணம்".

பிற நாடுகளில் என்ன வழக்கம்?

அயல்நாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாளை இந்நாட்டிலும் வேலையிழப்புக் காப்புறுதி வரத்தான் போகிறது. அன்று யாரை உள்ளே சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்ற விவாதம் நடக்கும்போது, தானாக வேலையை விட்டவன் என்ற சொல்தான் முதல் வேலியாக நாட்டப்படும். இப்போதே அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

1911ஆம் ஆண்டில் பிரித்தானியா தேசியக் காப்புறுதிச் சட்டம் இயற்றிற்று. தக்க காரணமின்றித் தானாக வேலையை விட்டவனுக்கு ஆறு வாரங்களுக்கு உதவிப் பணம் இல்லை என்று அச்சட்டம் விதித்தது. 1952ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் சமூகப் பாதுகாப்புக்கான குறைந்தபட்ச நியமங்களை வகுத்த 102ஆம் இலக்கச் சமவாயத்திலும் அதே சொற்றொடர் இடம்பெற்றது: தக்க காரணமின்றித் தானாக நீங்கியவனின் உதவியை நாடுகள் நிறுத்தி வைக்கலாம். ஜெர்மனியிலே அவ்வாறு நீங்கியவன் பொதுவாகப் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். கனடா இன்னும் கடுமை. 1993ஆம் ஆண்டு முதல் தக்க காரணமின்றி விட்டவனுக்கு அந்த வேலையின் பேரில் ஒரு சதமும் இல்லை. இந்தியாவிலே 2018ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் கீழ் வந்த உதவித் திட்டமும் தானாக ஓய்வு பெற்றவனை விலக்கிவிட்டது.

இந்த வேலியிலே நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எல்லாரும் சேர்த்த பொதுப் பணம் அது. காரணமின்றி எழுந்து போனவனுக்கு அதிலிருந்து கொடுப்பதற்குத் தயங்குவது இயற்கை. ஆனால் "தக்க காரணம்" என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். கனடாச் சட்டம் அவற்றுக்கு விளக்கம் சொல்கிறது. வாழ்க்கைத் துணையோடு வேறிடம் பெயர வேண்டிய கடமை தக்க காரணம். குழந்தையையோ நெருங்கிய குடும்பத்தவரையோ பராமரிக்க வேண்டிய கடமை தக்க காரணம். தொல்லைக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளாவது தக்க காரணம். உடல்நலத்துக்கு ஆபத்தான வேலை நிலைமை தக்க காரணம். வேறு நியாயமான வழி இருந்ததா என்பதையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நாம் இங்கே "சொந்தக் காரணம்" என்ற ஒரே மூட்டைக்குள் கட்டி எறிகின்றவற்றை அங்கே ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்துப் பார்க்கிறார்கள். இந்தப் பிரித்துப் பார்த்தல்தான் நமக்கு வேண்டியது.

வேலையை விடுவதே குற்றமாயிருந்த காலம்

மலையகத்திலே வேலையை விடுவது ஒரு காலத்திலே உரிமையாகவே இருக்கவில்லை. அது குற்றம்! 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போன கூலியாளைச் சிறையிலடைக்க முடிந்தது. கடனைத் தீர்க்காதவன் தோட்டம் மாற முடியாது. அவன் கடனை அடைத்தால் அவனை விடுவிப்போம் என்று எழுதிக் கொடுக்கின்ற காகிதத்துக்குத் "துண்டு" என்று பெயர். கங்காணியின் மடியிலே அந்தத் துண்டும், துண்டுக்குள்ளே குடும்பத்தின் வாழ்வும் அடங்கிக் கிடந்தன. 1921ஆம் ஆண்டிலேதான் துண்டு முறை சட்டவிரோதமாக்கப்பட்டது. பற்றுச்சீட்டு என்ற விடுகைச் சீட்டும் இருந்தது. நம் மக்கள் வாயிலே அது பத்துச்சீட்டு. அந்தச் சீட்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்துத் துரை பேர் பதியமாட்டார்.

அப்படிப்பட்ட பாடசாலையிலே நூறாண்டு படித்த மக்கள் நாம். தோட்டத்தை விட்டுப் போகிறவன் ஓடிப்போகிறவன் என்ற எண்ணம் அங்கேதான் விதைக்கப்பட்டது. சட்டம் மாறிப் பல தலைமுறை ஆயிற்று. கூச்சம் மட்டும் மாறவில்லை.

பின்னர் வேறொரு விதமான விலகல் வந்தது. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தார்கள். போகின்றவர்கள் தங்கள் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்லலாம் என்று அந்த ஒப்பந்தத்திலே எழுதப்பட்டிருந்தது. எழுதியது நல்லதே. ஆனால் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பம் தன் வேலையை விட்டு, லயத்தை விட்டு, இறந்தவர்களைப் புதைத்த மண்ணை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறிற்றே, அது யாருடைய சொந்தக் காரணம்? இரண்டு தலைநகரங்களின் காரணமல்லவா?

அவர்களிற் சிலர் நீலகிரியில், தமிழ்நாட்டரசு தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களிலே குடியேறினார்கள். அங்கே 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு வேலை செய்து ராஜினாமாச் செய்தவனுக்கும் ஆண்டுக்குப் பதினைந்து நாட் சம்பளம் உண்டு என்று எழுதிற்று. நம் நாட்டிலே அதையொத்த சட்டம் வருவதற்கு மேலும் பதினோராண்டு சென்றது.

சேவைக்காலப் பணம் யாருக்கு?

1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். இதைத்தான் தோட்டத்திலே சேவைக்காலப் பணம் என்கிறோம். இன்றிரவு இங்கிருந்து நீங்கள் ஒரே ஒரு செய்தியைத்தான் கொண்டுபோக முடியுமென்றால் இதைக் கொண்டுபோங்கள்: இந்தப் பணம் தானாக வேலையை விட்டவனுக்கும் உண்டு!

சட்டத்தின் வாசகம் தெளிவானது. வேலை முடிவுக்கு வந்தது தொழில் கொள்வோனாலா, தொழிலாளியாலா, ஓய்வினாலா, மரணத்தினாலா, சட்டத்தின் செயலாலா என்று அது வேறுபாடு காட்டவில்லை. எவ்விதம் முடிந்தாலும் சரி. முந்திய பன்னிரண்டு மாதத்திலே ஏதேனும் ஒரு நாளில் பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனமாக இருக்க வேண்டும். அதே தொழில் கொள்வோனிடம் ஐந்து ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம். நாட் சம்பளக்காரனுக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம். வேலை முடிந்த முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மேலதிகப் பணம் சேரும். ஒரு மாதம் வரை தாமதித்தால் நூற்றுக்குப் பத்து, ஓராண்டைத் தாண்டினால் நூற்றுக்கு முப்பது.

மோசடி செய்தவனும், நிறுவனத்தின் பணத்தைக் கையாடியவனும், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் விளைவித்தவனும், அக்காரணத்துக்காக வேலை நீக்கப்பட்டால், விளைந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழப்பார்கள். அவ்வளவுதான். "பிரட்டுக்கு வராமல் நின்றுவிட்டான், பேர் வெட்டிவிட்டோம், ஆகவே பணமில்லை" என்று சொல்வதற்குச் சட்டத்திலே இடமில்லை. பேர் வெட்டுவதும் வேலை முடிவுதான்.

கணக்கைப் பார்ப்போம். சம்பளம் என்பது கடைசியாகப் பெற்ற சம்பளம். 2019ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். இருபது ஆண்டு வேலை செய்த ஒரு தாய் 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் விலகியிருந்தால், 700 ரூபாயைப் பதினான்கால் பெருக்கி, இருபதால் பெருக்கினால் 196,000 ரூபாய். அவ்வாண்டு மார்ச் மாதத்திலே சம்பள நிர்ணய சபையின் தீர்மானம் வந்தது. ஆயிரம் ரூபாயில் 900 அடிப்படைச் சம்பளமாயிற்று. அதன் பின் விலகியிருந்தால் அதே தாய்க்கு 252,000 ரூபாய். சில வாரத்திலே 56,000 ரூபாய் வேறுபாடு! 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனபோதும் இதே கதைதான். ஆகையால், விலகுவதென்று முடிவு செய்துவிட்டவர்கள், சம்பள உயர்வு வாசற்படியில் நிற்கின்ற நேரத்தில் அவசரப்படாதீர்கள். ஐந்தாண்டு நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது விலகுகின்றவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சம் பதைக்கிறது. நான்கு ஆண்டும் பதினொரு மாதமும் என்றால் இந்தச் சட்டத்தின் கீழ் ஒன்றுமில்லை.

சேமலாப நிதி கதை வேறு. 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொடக்கத்திலே தொழிலாளி நூற்றுக்கு நான்கும் முதலாளி ஆறும் கட்டினார்கள். இன்று எட்டும் பன்னிரண்டும். விலகிய மறுநாளே இதை எடுக்க முடியாது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது நிறைந்து வேலையிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். ஓய்வு வயது 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறுபதாக உயர்ந்தது உண்மை. சேமலாப நிதியின் வயது அதோடு உயரவில்லை. வயதுக்கு முன்னே எடுப்பதற்குச் சில வாயில்கள் உண்டு: நிரந்தர இயலாமை, நாட்டை விட்டு நிரந்தரமாக நீங்குதல், ஓய்வூதியமுள்ள அரசாங்க உத்தியோகம், பெண்ணுக்குத் திருமணத்தின் பொருட்டு வேலையை விடுதல்.

திருமணம் என்ற வாயிலைக் கவனியுங்கள். சொந்தக் காரணங்களுக்குள்ளே சொந்தமான காரணம் அது. அதற்குச் சட்டமே கதவு திறந்து வைத்திருக்கிறது. ஆனால் விலகற் கடிதத்திலே "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டால் அந்தக் கதவை நாமே சாத்துகிறோம். "திருமணத்தின் காரணமாக விலகுகிறேன்" என்று எழுத வேண்டும். திருமணம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். கால எல்லையும் உண்டு. அதைத் தொழில் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடிதம் கொடுக்க வேண்டும். இங்கே நான் தாய்மார்களிடம் ஒன்று சொல்லத்தான் வேண்டும். மணமான கையோடு எடுத்துச் செலவழித்துவிட்ட சேமலாப நிதி, ஐம்பது வயதிலே திரும்பி வராது. சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே அதைச் செய்யத்தான் வேண்டுமென்பதில்லை. எடுக்காமல் விட்டால் பணம் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருக்கும்.

1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் நூற்றுக்கு மூன்று கட்டுகிறார். வேலையை விட்டதும் அதை எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் மறுமுறைக்கு ஐந்தாண்டு செல்ல வேண்டும். வேலையற்ற காலத்துக்கு நம் நாட்டிலே ஏதேனும் கைச்செலவு உண்டென்றால் அது இந்தச் சிறுதொகைதான்.

கடிதத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

இனி வழக்கறிஞன் என்ற முறையிலே நான் மிகவும் அஞ்சுகின்ற விஷயத்துக்கு வருகிறேன்.

1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்றுண்டு. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்திலே, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெக்காரணத்துக்காகவும் ஒருவரை நீக்குவதாயின், அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். முந்திய பன்னிரண்டு மாதத்தில், விடுமுறை நாட்களையும் சேர்த்து, 180 நாளாவது வேலையிலிருந்தவனுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆணையாளரிடம் போனால் விசாரணை நடக்கும். நட்டஈடு எவ்வளவென்று அவர் தீர்மானிப்பார். சட்டம் நல்ல சட்டம். அந்த "எழுத்து மூலமான சம்மதம்" என்பதைக் கவனித்தீர்களா? ஆணையாளரிடம் போகாமலே காரியத்தை முடிக்க விரும்புகின்ற நிர்வாகத்துக்கு வேண்டியது ஒரு காகிதம். "என் சொந்தக் காரணங்களை முன்னிட்டு இன்றுடன் விலகிக்கொள்கிறேன்" என்ற ஒரு வரி. அதன் கீழே ஒரு கையெழுத்து, அல்லது ஒரு கைநாட்டு.

சுகவீனமாயிருந்து திரும்பி வந்த மனிதனிடம், "இதில் கையெழுத்துப் போட்டால் சேவைக்காலப் பணம் சீக்கிரம் வரும்" என்று சொல்கிறார்கள். அவன் போடுகிறான். எந்த மொழியிலே எழுதியிருக்கிறதென்றே அவனுக்குத் தெரியாது. வரவேண்டிய பணம் கையெழுத்து இல்லாமலே வரும். கையெழுத்தால் போவது வேலையும் நட்டஈடும். வேறு சிலரைத் தொலைதூரப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். நாள்தோறும் அரைப் பேர் போடுகிறார்கள். பெண்ணாயின் சொல்லத்தகாத தொல்லை. தாங்க முடியாமல் விலகினால் அதற்கும் பெயர் சொந்தக் காரணம்!

இப்படிப்பட்ட விலகல் விலகலன்று. முதலாளியின் நடத்தையே தொழிலாளியை வெளியேறச் செய்ததென்றால், அதை முதலாளி செய்த பணிநீக்கமாகவே கொள்ளலாம் என்பது தொழிற் சட்டம் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. அதற்கான மன்றம் தொழில் நியாய சபை. 1950ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்துக்கு 1957ஆம் ஆண்டில் செய்த திருத்தத்தால் அது பிறந்தது. அச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று வழக்காடி, விவகாரம் இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போயிற்று. 1967ஆம் ஆண்டில் ஐவரில் மூவர் சபையின் பக்கம் நின்று தீர்ப்பளித்ததால் அது பிழைத்தது. நியாயமும் ஒப்புரவும் எதுவோ அதைக் கட்டளையிடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. ஆனால் வேலை முடிந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். வற்புறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரமும் நம்முடையது. கையெழுத்துப் போட்ட மறுநாளே தொழில் அலுவலகத்திலோ சங்கத்திலோ எழுத்து மூலம் முறையிட்டவன் சொல்லை நம்புவார்கள். ஐந்து மாதம் மௌனமாயிருந்துவிட்டு வருபவனை, "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். நான் எதிர்த்தரப்பிலே இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

பேரும் கைகாசும்

வேறிரண்டு இடர்கள் இருக்கின்றன. ஒன்று பெயர். செக்ரோலிலே செல்லப் பெயர். பிறப்புச் சான்றிதழிலே வேறு பெயர். அடையாள அட்டையிலே சிங்கள எழுத்துவழி உருமாறிய மூன்றாவது பெயர். முப்பது வருடம் சேர்ந்த பணம் இந்த மூன்று பெயருக்கும் நடுவே தூங்குகிறது. வேலையிலிருக்கும்போதே திருத்திவிடுங்கள். விலகிய பின் தோட்ட அலுவலகத்திலே உங்களுக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். அரச அலுவலகத்துக்குத் தமிழிலே எழுதவும் தமிழிலே மறுமொழி பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு முதல் எத்தனையோ பேர் அடிபட்டுப் பெற்ற உரிமை அது. அதைப் பயன்படுத்துங்கள்.

மற்றொன்று கைகாசு. நிரந்தரப் பேரிலிருந்து விலகி, கைகாசுக்கோ, தேயிலைக் காணியைப் பிரித்துப் பராமரிக்கக் கொடுக்கின்ற வெளியார் உற்பத்தி முறைக்கோ வாருங்கள், கையிலே கூடுதலாகக் காசு நிற்கும் என்கிறார்கள். சிலருக்கு நிற்கவும் கூடும், மறுக்கவில்லை. ஆனால் பேரை விட்டு நீங்கும்போது சேமலாப நிதியின் பன்னிரண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் மூன்றும், ஆண்டுக்குப் பதினான்கு நாட் சம்பளமும், பிரசவ விடுமுறையும் கூடவே நீங்கிப் போகின்றன. நூறு ரூபாய் கூலியிலே பதினைந்து ரூபாயை விட்டுக்கொடுத்த பின் வருகின்ற கூடுதல் எவ்வளவென்று வீட்டிலே கூடியிருந்து கணக்குப் பாருங்கள்.

விவசாய நண்பர்கள், நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் காய்கறி பயிரிடுகின்றவர்கள், இது தோட்டத்து விவகாரம் என்று எழுந்துவிடாதீர்கள். உங்களிடமும் ஆள் வேலை செய்கிறது. ஒரே ஒருவரை வைத்திருந்தாலும், தற்காலிகமாக வைத்திருந்தாலும், சேமலாப நிதிச் சட்டம் உங்களையும் கட்டும். பதினைந்து பேருக்குக் குறைந்த இடத்துத் தொழிலாளியும் பணிக்கொடை கேட்டுத் தொழில் நியாய சபைக்குப் போகலாம். கம்பனியைப் பார்த்துக் கேட்கின்ற நியாயத்தை நம் உருளைக்கிழங்கு வயலிலும் செய்யாவிட்டால் நம் பேச்சுக்கு மதிப்பேது? அரச நிர்வாகத்திலிருந்த தோட்டங்களே இந்நிதிகளை ஆண்டுக்கணக்கில் கட்டாமல் நிலுவை வைத்ததை நாம் கண்டித்தோமல்லவா?

நாம் கேட்பது

வேலையிழப்புக் காப்புறுதிச் சட்டம் வேண்டும். அதிலே தோட்டத் தொழிலாளி முதல் நாளிலிருந்தே சேர்க்கப்பட வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று நம்மை வெளியே நிறுத்திய வரலாறு போதும். தானாக விலகியவனை அடியோடு விலக்கும் விதி வேண்டாம். பிள்ளைக் காம்பிராவிலே ஆளில்லாததால் குழந்தையைப் பார்க்க நின்ற தாய், மண்சரிவு அபாயத்தால் குடிபெயர்ந்த குடும்பம், நோயுற்ற பெற்றோரைப் பராமரிக்கப் போன மகன், தொல்லை தாங்காமல் நின்ற பெண் ஆகிய இவர்களின் காரணங்கள் தக்க காரணங்கள் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தோட்ட அலுவலகத்தின் ஒரு வரிக் குறிப்பிலே இருக்கக்கூடாது. விலகற் கடிதம் தொழிலாளியின் மொழியிலே இருந்தாலன்றிச் செல்லாது என்றும், ஒரு வாரத்துக்குள் அதை மீளப்பெறலாம் என்றும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும். இதற்கான பிரேரணை இக்கூட்டத்தின் முடிவிலே வாசிக்கப்படும்.

சட்டம் வரும் வரையிலே செய்ய வேண்டியதைச் சொல்லி அமர்கிறேன். விலகத்தான் வேண்டுமென்றால் கடிதத்தை நீங்களே தமிழில் எழுதுங்கள். அல்லது ஆசிரியர் ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒரு மாத அறிவித்தல் கொடுங்கள். உண்மையான காரணத்தை எழுதுங்கள். திருமணமென்றால் திருமணம், நோயென்றால் நோய், மாற்றலென்றால் மாற்றல். "எனக்குச் சேரவேண்டிய பணிக்கொடையையும் நிதிகளையும் தந்துதவுக" என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றிலே அலுவலக முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேறொருவர் எழுதிய கடிதத்தை நீட்டினால், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதைத் தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை.

சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் கொண்டுவந்திருக்கின்றவர்கள் கூட்டம் கலைந்த பின் வலப்பக்க மேசைக்கு வாருங்கள். பெயர் வேறுபாடு உள்ளவர்களை முதலிலே பார்ப்போம். அதற்குத்தான் அதிக நாள் செல்லும்.